ரே வில்கின்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் கால்பந்து கிளப்பான செல்சியின் பழைய ஆட்டங்களைப் பற்றி நண்பர்களோடு பேசும்போதெல்லாம் ஒரே மாதிரி சந்தேகங்கள் வருகின்றன. நானும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். இனி இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்துவிடலாம் என்று கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

அன்செலோட்டி பக்கத்துல ஒரு மொட்டைத் தலை மனுஷன் உட்கார்ந்திருப்பாரே, அவர் யாரு?

அவர்தான் ரே வில்கின்ஸ். 2009-10 பருவத்தில் செல்சி பிரீமியர் லீகையும் (இங்கிலாந்தின் முதல்நிலை லீக்) எஃப்ஏ கோப்பையையும் (தோற்றால் வெளியேறும் போட்டி) சேர்த்து வென்றபோது, தலைமைப் பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டிக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். 1956 செப்டம்பர் 14 அன்று லண்டனின் மேற்கு ஓரத்தில் உள்ள ஹில்லிங்டனில் பிறந்தார். அப்பா ஜார்ஜும் தொழில்முறை ஆட்டக்காரர். தம்பி டீன் பின்னாளில் பிரைட்டனுக்கு ஆடி, அதே கிளப்புக்குப் பயிற்சியாளரும் ஆனார். வீட்டில் பந்துதான் பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அவரை அந்த பெஞ்சில் பார்த்து மட்டும் தெரிந்துகொண்டவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். அவர் இங்கிலாந்துக்காக 84 ஆட்டங்கள் ஆடியவர், அதில் 10 ஆட்டங்களுக்குக் கேப்டன்.

எந்தெந்த கிளப்புக்கு ஆடினார்? வரிசையா சொல்லுங்க.

1973 முதல் 1979 வரை செல்சி. அங்கிருந்து மான்செஸ்டர் யுனைடெட். 1984-இல் ஏசி மிலான், 1987-இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மேன். பாரிஸில் சில மாதங்கள்தான். அதே ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போனார். 1989-இல் லண்டன் திரும்பி குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ். 1994-இல் கிரிஸ்டல் பேலஸ் போய், கொஞ்ச நாளிலேயே குயின்ஸ் பார்க்குக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் திரும்பினார். கடைசி ஆண்டில் வைகோம், ஹிபர்னியன், மில்வால், லெய்ட்டன் ஓரியண்ட் என்று நான்கு சட்டை மாற்றி, 40 வயதில் நிறுத்தினார்.

இரண்டு ரேஞ்சர்ஸ் வருவதால் பலர் குழம்புகிறார்கள். ஒன்று கிளாஸ்கோ, இன்னொன்று மேற்கு லண்டன். இந்தப் பக்கத்தில் வெறும் ரேஞ்சர்ஸ் என்று வந்தால் அது கிளாஸ்கோ கிளப்.

பதினெட்டு வயசுலயே செல்சிக்கு கேப்டன்னு சொல்றாங்க. நிஜமா?

நிஜம்தான். 1975-இல் எடி மக்ரீடி பயிற்சியாளராக வந்ததும், பருவம் முடியச் சில ஆட்டங்களே இருந்தபோது, 18 வயதுப் பையனிடம் கேப்டன் பட்டையைக் கொடுத்தார். அப்போது செல்சியின் நிலைமை ரொம்ப மோசம். புதிதாகக் கட்டிய கிழக்கு அரங்கம் கிளப்பைக் கடனில் தள்ளியிருந்தது. விலை கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்க வழியில்லை. வீட்டுப் பிள்ளைகளை வைத்துத்தான் ஆட வேண்டும். அந்தப் பருவத்திலேயே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 1977-இல், அந்த இளம் அணியை வில்கின்ஸ்தான் மேலே கூட்டிவந்தார். செல்சியின் பழைய ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுவதற்கு இதுதான் காரணம். கோப்பைகள் எதுவும் இல்லாத, காசும் இல்லாத காலத்தில் அவர்களுக்குப் பெருமைப்பட இருந்தது இந்தப் பையன்தான். 1979-இல் செல்சி மறுபடி இறங்கியபோது அவரை விற்க வேண்டி வந்தது. வாங்கியவர் மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளர் டேவ் செக்ஸ்டன். 1973-இல் செல்சியில் இருந்தபோது, 17 வயது வில்கின்ஸை முதல்முறை களத்தில் இறக்கிவிட்டவரும் அவரே.

மிட்ஃபீல்டர்னா எந்த மாதிரி? கோல் அடிக்கிறவரா, தடுக்கிறவரா?

செல்சியில் இளவயதில் முன்னேறிப் போய் கோல் அடிப்பவராக இருந்தார். யுனைடெட்டிலும் இங்கிலாந்து அணியிலும் மெல்லப் பின்னுக்கு நகர்ந்து, பந்தை வாங்கிப் பங்கிட்டுக் கொடுக்கும் ஆளாக மாறினார். 84 சர்வதேச ஆட்டங்களில் 3 கோல்தான் என்பதிலிருந்தே இது தெரியும்.

அவர் ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் பந்தை விட்டுவிட்டு, பந்து வருவதற்கு முந்தைய நொடியைப் பார்க்க வேண்டும். தலை ஒரு முறை இடப்பக்கம் திரும்பும், ஒரு முறை வலப்பக்கம். பந்து காலுக்கு வரும்போது அடுத்து எங்கே அனுப்புவது என்பது முடிவாகியிருக்கும். இரண்டு தொடுதலில் வேலை முடிந்துவிடும். இரண்டு காலாலும் நீளமாக, துல்லியமாகத் தள்ளுவார். ஓட்டத்தில் வேகம் குறைவு. அந்தக் குறையை இந்த முன்யோசனைதான் ஈடுகட்டியது.

அவருக்கு "நண்டு"ன்னு பட்டப்பேர் இருந்ததாமே? பக்கவாட்டுலயே பந்தைத் தள்ளுவாராம்?

ஆமாம், அந்தப் பெயர் இருந்தது. யுனைடெட்டில் செக்ஸ்டனுக்குப் பிறகு வந்த ரான் அட்கின்சன் வைத்த பெயர் என்று சொல்வார்கள். முன்னால் போகாமல் பக்கவாட்டில் போகும் நண்டு. (சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்ட "புட்ச்" என்ற பெயரும் உண்டு. நெருங்கியவர்கள் கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.)

இது நியாயமில்லாத பெயர் என்பதே என் எண்ணம். அன்றைய இங்கிலாந்தில் பந்தைப் பிடித்ததும் முன்னால் ஓங்கி உதைப்பதுதான் வீரம். பந்தை நம்மிடமே வைத்திருந்து, எதிரணியை ஓடவிட்டு, இடைவெளி திறக்கும்வரை காத்திருப்பதைக் கோழைத்தனமாகப் பார்த்தார்கள். இன்று அதே ஆட்டத்தை ஆடும் நடுக்கள வீரருக்குப் பெரிய கிளப்புகள் கோடிக்கணக்கில் கொட்டுகின்றன. வில்கின்ஸின் ஆட்டத்தை இத்தாலி சரியாகப் புரிந்துகொண்டது, கீழே சொல்கிறேன்.

அவர் அடிச்சதுல கண்டிப்பா பார்க்க வேண்டிய கோல் எது?

மூன்று சொல்வேன். முதலாவது 1980 ஜூன் 12, டூரின், ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக. பெல்ஜியம் ஆஃப்சைடு பொறி வைப்பதில் கெட்டிக்கார அணி. (சக ஆட்டக்காரர் பந்தை அனுப்பும் நொடியில் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்பவர் ஆஃப்சைடு.) பந்து வெளியே வந்ததும் தடுப்பு வரிசை மொத்தமாக முன்னால் ஓடிவரும். கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்கு வெளியே பந்து வில்கின்ஸிடம் வருகிறது. ஓடிவருகிறவர்களின் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிப்போட்டு, அவர்களைத் தாண்டித் தானே ஓடிப் பந்தை எடுக்கிறார். தானே ஓடியதால் ஆஃப்சைடு கிடையாது. எதிரே கோல்கீப்பர் ஜான்-மரி ஃபாஃப் வெளியே வர, அவர் தலைக்கு மேலும் இன்னொரு தூக்கு. பந்து வலைக்குள். ஒரே ஆள், இரண்டு தூக்கு. இங்கிலாந்து ரசிகர்கள் இருந்த பக்கம் கலவரமாகி, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி, ஆட்டமே சிறிது நேரம் நின்றது. 1-1 என்று முடிந்தது. இந்தக் கோலுக்குக் கிடைக்க வேண்டிய பேர் அந்தப் புகையில் பாதி போய்விட்டது என்று எனக்கு இன்றும் வருத்தம்.

இரண்டாவது 1983 எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம், பிரைட்டனுக்கு எதிராக. வலப்பக்கத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, தூரத்திலிருந்து இடது காலால் வளைத்து மறு மூலையில் போட்டார். அடித்த கையோடு ரசிகர்களை நோக்கி ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் நண்டு என்ற பேச்சே வராது. அந்த ஆட்டம் 2-2. மறு ஆட்டத்தில் யுனைடெட் 4-0.

மூன்றாவது 1988 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் செல்டிக்கை 5-1 என்று வீழ்த்திய ஆட்டம். தலையால் தட்டிவிடப்பட்டு வந்த பந்தை, பெட்டி ஓரத்தில் நின்று, தரையில் விழுவதற்கு முன்பே உதைத்தார்.

உலகக் கோப்பைல சிவப்பு அட்டை வாங்கினாரே, அப்படி என்ன செஞ்சார்?

உலகக் கோப்பைப் போட்டியில் களத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முதல் இங்கிலாந்து வீரர் அவர்தான். 1986 ஜூன் 6, மெக்சிகோவின் மான்டெரே, மொராக்கோவுக்கு எதிரான ஆட்டம். முதல் ஆட்டத்தில் போர்ச்சுகலிடம் தோற்றிருந்ததால் எல்லோரும் பதற்றத்தில் இருந்தார்கள். முதல் பாதி முடியும் நேரத்தில் கேப்டன் பிரையன் ராப்சன் தோள்பட்டை விலகி வெளியேற, பொறுப்பு வில்கின்ஸிடம் வந்தது. சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. ஆஃப்சைடு என்று விசில் வந்த கடுப்பில் பந்தை நடுவர் பக்கம் எறிந்தார். ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை இருந்ததால் இரண்டாவது மஞ்சள், அப்புறம் சிவப்பு.

ஆளை அடிக்கவில்லை, திட்டவில்லை. வாழ்நாள் முழுக்க அமைதிக்குப் பேர்போன ஒருவர் ஒரு நொடி நிதானம் இழந்தார், அவ்வளவுதான். பத்துப் பேரோடு இங்கிலாந்து 0-0 என்று தாக்குப்பிடித்தது. அடுத்த ஆட்டத்தில் லினெக்கர் போலந்துக்கு எதிராக மூன்று கோல் அடித்தார், அணி நிமிர்ந்தது. வில்கின்ஸுக்கு அந்த உலகக் கோப்பையில் அதற்குப் பிறகு களம் கிடைக்கவில்லை. 1986 நவம்பரிலேயே இங்கிலாந்துக்கான கடைசி ஆட்டத்தையும் ஆடிவிட்டார்.

மிலான்ல மூணு வருஷம் இருந்தும் ஒரு கோப்பைகூட இல்லையே? அது தோல்விதானே?

கோப்பைக் கணக்கு மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் 1984-இல் அவர் போன மிலான், நாம் அறிந்த மிலான் இல்லை. சூதாட்ட ஊழல் வழக்கில் ஒருமுறை இறக்கப்பட்டு, அப்புறம் ஆடியே ஒருமுறை இறங்கி, எழுந்து வந்துகொண்டிருந்த கிளப். அங்கே அவரும் இன்னொரு ஆங்கிலேயரான மார்க் ஹேட்லியும் சேர்ந்து போனார்கள். அந்த அக்டோபரில் அதே ஊர்க் கிளப்பான இன்டர் மிலானுக்கு எதிரான ஆட்டத்தில், அந்த ஊர்ச் சண்டையில், ஹேட்லி எழும்பித் தலையால் அடித்து வென்ற கோலை மிலான்காரர்கள் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். அடுத்த ஜனவரியில் 16 வயது பாவ்லோ மால்டினி முதல்முறை இறங்கியபோது வில்கின்ஸ் அந்த அணியில் மூத்தவர்களில் ஒருவர். 1987-இல் ஹல்லிட்டும் வான் பாஸ்டனும் வந்தார்கள். அன்று இத்தாலியில் ஒரு கிளப்புக்கு இரண்டு வெளிநாட்டவர்தான் என்பதால் ஆங்கிலேயர் இருவரும் கிளம்ப வேண்டியிருந்தது.

வில்கின்ஸ் இத்தாலியில் சம்பாதித்தது வேறு. முதலில் மொழி. நன்றாக இத்தாலிய மொழி பேசக் கற்றுக்கொண்டார். இரண்டாவது, மனிதர்கள். 1985 இத்தாலியக் கோப்பை இறுதியில் மிலானைத் தோற்கடித்தது சாம்ப்டோரியா. அந்த அணியில் கிரேம் சூனஸ் இருந்தார், ஜியான்லூகா வியாலி இருந்தார். ரோமாவின் நடுக்களத்தில் கார்லோ அன்செலோட்டி ஆடிக்கொண்டிருந்தார். இவர்களில் சூனஸ் பின்னர் அவரை ரேஞ்சர்ஸுக்கு அழைத்துப் போனார், அங்கே 1988-89 லீக் பட்டம் கிடைத்தது. மற்ற இருவருக்கும் அவர் துணைப் பயிற்சியாளர் ஆனார். எதிரணியில் நின்று அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள்தான் பின்னால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

துணைப் பயிற்சியாளர் உண்மையிலேயே என்ன வேலை செய்வார்? சும்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். தலைமைப் பயிற்சியாளர் எப்படி ஆட வேண்டும் என்று முடிவெடுக்கிறார். காலையில் மைதானத்தில் கூம்புகளை வைத்து, ஆட்களைப் பிரித்து, அந்த முடிவைப் பயிற்சியாக மாற்றுவது பெரும்பாலும் துணையின் வேலை. ஆட்டத்தின்போது தலைவர் பந்தைப் பார்ப்பார். துணை பந்து இல்லாத இடத்தைப் பார்ப்பார். யார் மூச்சு வாங்குகிறார், யார் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டார் என்று காதில் சொல்வார்.

அதைவிடப் பெரிய வேலை ஆட்களோடு இருப்பது. சனிக்கிழமை அணியில் பெயர் இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். திங்கட்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவரிடம் தோளில் கைபோட்டு நடப்பது துணை. ஆட்டக்காரர் தலைவரிடம் சொல்லத் தயங்குவதைத் துணையிடம் சொல்வார். அவர் அதை எவ்வளவு, எப்போது மேலே கொண்டுபோவது என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் நம்பினால்தான் இந்த வேலை நடக்கும். பந்தை வாங்கி, சுற்றிலும் பார்த்து, சரியான ஆளிடம் சேர்ப்பது என்று மேலே மிட்ஃபீல்டர் கேள்வியில் சொன்ன அதே திறமைதான் இங்கேயும் வேண்டும்.

யார் யாருக்கெல்லாம் துணையா இருந்தார்?

முதலில் செல்சியில் வியாலிக்கு. பிறகு 2001-02-இல் அதே வியாலியோடு வாட்ஃபோர்டு. 2003 இலையுதிர் காலத்தில் மில்வாலில் டென்னிஸ் வைஸுக்கு. அந்தப் பருவத்தில் இரண்டாம் நிலை லீகில் இருந்த மில்வால் எஃப்ஏ கோப்பை இறுதிவரை போனது. 2004 மே 22 அன்று கார்டிஃபில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-3 என்று தோற்றாலும், அந்தக் கிளப்புக்கு அது கனவு நாள்.

2008 செப்டம்பரில் செல்சிக்குத் திரும்பினார், ஸ்கோலாரிக்குத் துணையாக. பின் ஹிடிங்க், பின் அன்செலோட்டி. கடைசியில் ஃபுல்ஹாமிலும், 2015-இல் ஆஸ்டன் வில்லாவில் டிம் ஷெர்வுட்டோடும் சில மாதங்கள்.

செல்சி மேனேஜர் பட்டியல்ல அவர் பேரும் வருதே? அப்போ அவர் மேனேஜரா, இல்லையா?

ஒரே ஓர் ஆட்டத்துக்கு மட்டும். 2009 பிப்ரவரியில் ஸ்கோலாரி நீக்கப்பட்டார். ஹிடிங்க் பொறுப்பேற்பதற்குள் 14-ஆம் தேதி எஃப்ஏ கோப்பை ஐந்தாம் சுற்று ஆட்டம் வந்துவிட்டது. இடைக்காலமாக வில்கின்ஸ் நடத்தினார். எதிரணி, வியாலியோடு அவர் வேலை பார்த்த அதே வாட்ஃபோர்டு. முதலில் வாட்ஃபோர்டு கோல் போட, பின் அனெல்கா மூன்று அடித்து 3-1. ஹிடிங்க் அன்று அரங்கில் உட்கார்ந்து பார்த்தார். அந்த ஆட்டத்தில் தப்பித்த செல்சிதான் மே மாதம் எவர்ட்டனை வென்று கோப்பையைத் தூக்கியது. பட்டியலில் பார்த்தால் ஓர் ஆட்டம், ஒரு வெற்றி.

2009-10 வெற்றியில அவருக்குப் பங்கு எவ்வளவு? எல்லாம் அன்செலோட்டிதானே?

அன்செலோட்டி வந்தபோது அவருடைய ஆங்கிலம் அப்போதுதான் துளிர்விட்டுக்கொண்டிருந்தது. எதிரே டெர்ரி, லாம்பார்ட், டிரோக்பா, பலாக் என்று முதிர்ந்த, பிடிவாதமுள்ள ஆட்கள். இந்த நடுவில் இத்தாலிய மொழி தெரிந்த, செல்சியின் முன்னாள் கேப்டனான ஒருவர் நிற்கிறார் என்றால் அதன் அருமையை யோசித்துப் பாருங்கள். வார்த்தையை மொழிபெயர்ப்பது யாராலும் முடியும். இந்த உடைமாற்றும் அறையில் இன்று இதைச் சொல்லலாமா, நாளைக்குச் சொல்லலாமா என்று அறிந்தவர் வில்கின்ஸ்தான். அவர் இல்லாமல் எதையும் வென்றிருக்க மாட்டோம் என்ற பொருளில் அன்செலோட்டியே எழுதியிருக்கிறார்.

லீகில் 103 கோல், பிரீமியர் லீகில் அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. கடைசி நாளில் விகனுக்கு எதிராக 8-0. ஒரு வாரத்தில் போர்ட்ஸ்மவுத்தை 1-0 என்று வென்று எஃப்ஏ கோப்பை. இரண்டையும் ஒரே பருவத்தில் செல்சி வென்றது அதுதான் முதல்முறை. ஆட்டக்காரராக இங்கிலாந்து லீக் பட்டம் ஒன்றுகூட இல்லாதவருக்கு அது 53 வயதில், தான் வளர்ந்த மைதானத்தில் கிடைத்தது.

அப்படின்னா ஏன் 2010-ல திடீர்னு அனுப்பிட்டாங்க?

2010 நவம்பர் 11 அன்று, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை, உடனே விலகுகிறார் என்று கிளப் சுருக்கமாக அறிவித்தது. விளக்கம் கொடுக்கவில்லை. காரணம் என்று உலவும் கதைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அப்போது அணி லீகில் முதலிடத்தில் இருந்தது. மூன்றே நாளில் சொந்த மைதானத்தில் சண்டர்லேண்டிடம் 0-3. அடுத்து பர்மிங்ஹாமிடம் 0-1. எல்லாம் வில்கின்ஸ் போனதால்தான் என்று சொன்னால் மிகை. லாம்பார்ட் காயத்தில் இருந்தார், டெர்ரியும் விலகியிருந்தார். ஆனால் அந்த வாரங்களில் பேட்டி கொடுத்த அன்செலோட்டியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அவர் ஒரு கையை இழந்த மாதிரி இருந்தது தெரிந்திருக்கும். செல்சி இரண்டாம் இடத்தில் முடித்தது. மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்த அன்றே அன்செலோட்டியும் நீக்கப்பட்டார்.

தலைமைப் பொறுப்புல ஏன் பெரிசா வரலை? திறமை போதாதா?

குயின்ஸ் பார்க்கில் முதல் பருவம் எட்டாவது இடம், நல்ல தொடக்கம். ஆனால் 1995 கோடையில் லெஸ் ஃபெர்டினாண்ட் நியூகாசிலுக்கு விற்கப்பட்டார். கோல்களில் பெரும்பங்கு அடித்தவரை இழந்த அணி அடுத்த பருவத்திலேயே இறங்கியது. அடுத்து ஃபுல்ஹாமில் அவர் பயிற்சியாளராக இருந்தபோது மேலே கெவின் கீகன் இருந்தார். 1998-இல் மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களுக்குச் சற்று முன் வில்கின்ஸை விலக்கிவிட்டு கீகனே பொறுப்பெடுத்தார். 2015 ஆசியக் கோப்பையில் ஜோர்டான் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர்: ஈராக்கிடம் தோல்வி, பாலஸ்தீனத்தை 5-1 என்று வெற்றி, ஜப்பானிடம் தோல்வி.

திறமை போதாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கறாராக ஒருவரை வெட்டிவிடும் குணம் அவரிடம் குறைவு. துணைப் பயிற்சியாளர் வேலையைத் தலைமைக்கு ஏறும் ஏணிப்படி என்று நினைத்துக் கேட்கப்படும் கேள்வி இது. அது தனி வேலை. அதில் அவரைவிடச் சிறந்தவர்கள் இங்கிலாந்தில் அதிகம் இல்லை.

குடிப்பழக்கம் இருந்ததா?

இருந்தது. மன அழுத்தமும், பெருங்குடல் அழற்சி நோயும் சேர்ந்தே இருந்தன. இவற்றை அவரே வெளிப்படையாகப் பேசினார், சிகிச்சையும் எடுத்தார். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர் ஒருவர் இதை வாய்விட்டுச் சொன்னதே பெரிய விஷயம்.

இதைக் கேட்கிறவர்களிடம் இன்னொன்றையும் சொல்வேன். வீடில்லாமல் தெருவில் இருந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், பின்னாளில் வானொலியில் பேசினார். எல்லோரும் தாண்டிப் போனபோது வில்கின்ஸ் மட்டும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சூடாகக் குடிக்க வாங்கிக் கொடுத்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு, அன்றிரவு விடுதியில் தங்கப் பணமும் கொடுத்தாராம். அந்த இரவு தங்கிய இடத்திலிருந்துதான் தன் வாழ்க்கை திரும்பியது என்றார் அவர்.

எப்போ இறந்தார்?

2018 ஏப்ரல் 4, லண்டனின் டூட்டிங்கில் உள்ள மருத்துவமனையில். மாரடைப்பு வந்து சில நாட்கள் நினைவில்லாமல் இருந்தார். வயது 61.

அன்று மாலை மிலானுக்கும் இன்டருக்கும் ஆட்டம் இருந்தது. 34 ஆண்டுக்கு முன் ஹேட்லி தலையால் அடித்த அதே ஊர்ச் சண்டை. மிலான் வீரர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.